விளங்கவில்லை என்று எழுத வேண்டாம்

டென்மார்க்கில் ஒருவருடைய வீட்டுக்குள் சப்பாத்தோடு காலெடுத்து வைத்தால் முகம் சுருங்கிவிடும். நமக்கும் அதே பழக்கம்தான் என்பதால், வந்த நாளிலிருந்து அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் இந்த நாட்டுக்கும் பிணக்கு வந்ததில்லை. ஆனால் சென்ற வருடம் வசந்த காலத்தில், கொப்பன்ஹேகன் நகரின் நடுவே உள்ள ஒரு பழைய மாளிகையின் வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றபோது, சீட்டுப் பார்க்கும் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முந்நூறு வருடத்து மரத்தளம், மெழுகு பூசி மினுங்குகிறது, அதன்மேல் சப்பாத்தோடு நடப்பதா என்று நான் நினைத்தேன். அவரோ நீலப் பிளாஸ்ரிக் உறைகள் இரண்டைக் கையில் தந்து, சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு அதற்கு மேலே இவற்றை மாட்டும்படி சொன்னார். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, தன் காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். விளங்குகிறது, நன்றி என்று நான் டேனிஷில் சொன்ன பிறகும் இன்னொரு முறை காலைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் குனிந்து உறையை மாட்டிக்கொண்டிருந்த என் மனைவி வசந்தி, நான் வாய் திறக்கப் போவதைக் கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒரு நாள் சும்மா இருங்கோ. பிள்ளையின்ரை நாள் இது."

சும்மா இருந்தேன். அரை மணித்தியாலம் இருந்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாளிகையின் பெயரை எழுதமாட்டேன். என் மகள் ஆரணி அங்கே இன்னமும் வேலை செய்கிறாள். ஒரு பிரபு தனக்கு நகரத்தில் இருக்க ஒரு வீடு வேண்டும் என்று கட்டியது. கீழைக் கடல் வாணிபத்தில் அவருக்குப் பங்கு இருந்ததாம். பிறகு பல கைகள் மாறி, அரசாங்க அலுவலகமாகக் கிடந்து, கடைசியில் மியூசியம் ஆகிவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் சாம்பல் கல்லில் ஒரு முரட்டுக் கட்டிடம். உள்ளே போனால் கண் எங்கே நிற்பது என்று தெரியாது. கூரையெல்லாம் சுண்ணச் சாந்தில் செய்த கொழுத்த குழந்தைகள் குழல் ஊதுகின்றன. கதவுக்கு மேலே பொன், கண்ணாடிக்கு மேலே பொன். பரோக் என்று இந்தப் பாணிக்குப் பெயர். ஓர் இடம் வெறுமையாக இருந்தால் அதைக் கட்டியவருக்கு நித்திரை வந்திருக்காது போல.

ஆரணி ஹேர்னிங் ஆஸ்பத்திரியில் பிறந்து, பக்கத்து நகரமான இக்காஸ்டில் வளர்ந்தவள். வரலாறு படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் கிட்டத்தட்டத் துக்கம் விசாரித்தார்கள். பல் வைத்தியம் படிக்கலாம், பொறியியல் படிக்கலாம், பழைய கதைகளைப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. படித்து முடித்துப் பல வருடம் அங்கும் இங்கும் அலைந்த பிறகு இந்த மாளிகையில் வழிகாட்டியாக, மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை கிடைத்தது. அன்றைக்கு அந்த மூன்று மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. வழிகாட்டிகளுக்குப் பொறுப்பான பிர்கிட்டே என்ற பெண்மணி கூட்டத்தோடு வந்து கேட்டுவிட்டு, நிரந்தரமாக வைத்துக்கொள்வதா இல்லையா என்று முடிவு செய்வார். ஆரணி எங்களை வரச் சொன்னாள். இரண்டு நிபந்தனைகள் போட்டாள். கேள்வி கேட்கக் கூடாது. அவளுடைய அப்பா அம்மா என்று காட்டிக்கொள்ளவும் கூடாது, அது வேலைத்தலம். இதையெல்லாம் டேனிஷில்தான் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பத்து இருபது வருடமாக அப்படித்தான்.

பதினைந்து பேர் இருந்தோம். எங்கள் இருவரையும் தவிர எல்லோரும் டேனிஷ்காரர்கள், அநேகமாக ஓய்வூதியம் எடுக்கிற வயது. ஆரணி கறுப்பு உடுப்பில் படிக்கட்டின் கீழே நின்று பேசத் தொடங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளை ஒரு மாளிகையின் நடுவில் நின்று, இந்த நாட்டின் கதையை இந்த நாட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவர்கள் தலையாட்டிக் கேட்கிறார்கள். பிர்கிட்டே பின்னால் நின்று ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் திருப்தியாகத்தான் இருந்தது.

ஐந்தாவது அறையில்தான் வந்தது வினை.

அந்த அறையை இந்திய அறை என்கிறார்கள். நான்கு சுவரிலும் கடதாசிக்குப் பதிலாகத் துணி. பருத்தித் துணியில் கையால் வரைந்து சாயம் தோய்த்த பூமரங்கள், மயில்கள், சுருண்டு போகும் கொடிகள். டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை வைத்திருந்த காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்தது என்று ஆரணி சொன்னாள். தரங்கம்பாடி என்று வாய் நிறையத் தமிழாகவே சொன்னாள். வசந்தி என் முழங்கையை இடித்தாள். துணிக்கு முன்னால் இடுப்பளவுக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. ஒரு சின்ன அறிவிப்பும் இருந்தது: இழைகள் மிகப் பழையவை, தொட வேண்டாம். நான் அதை வாசித்தேன். மூக்குக் கண்ணாடி கொண்டு வராத வசந்திக்கு உரத்து வாசித்தும் காட்டினேன். இந்தக் கதையில் இது முக்கியம்.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தவன். அந்தக் காலத்தில் இக்காஸ்ட் முழுக்கத் துணித் தொழிற்சாலைகள். அகதி முகாமிலிருந்து வெளியே வந்த எங்களில் பாதிப்பேர் அங்கேதான் போனோம். இருபத்திரண்டு வருடம் நான் துணி பார்க்கிற மேசையில் நின்றேன். மேசையின் மேல்தட்டு கண்ணாடி, அதற்குக் கீழே வெளிச்சம். துணி ஒரு உருளையிலிருந்து மற்ற உருளைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். இழை அறுந்திருந்தால், சாயம் பிசகியிருந்தால், பின்பக்கம் முன்பக்கமாக மாறியிருந்தால், நிறுத்தி ஓரத்தில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்குப் போன பிறகு பிராண்டே என்ற ஊருக்குக் கார் ஓடிப் போய்க் காற்றாலை இறகு செய்கிற இடத்தில் வேலை செய்தேன். அங்கேயும் அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியைச் சுருக்கமில்லாமல் விரிப்பதுதான் வேலை. ஆக, என் வாழ்நாளில் நான் மனிதர்களின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடத் துணியைப் பார்த்த நேரம் கூட. வசந்தி இதைப் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த துண்டு எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றத் துண்டுகளில் கோடுகள் கூர்மையாக இருந்தன, இலைகளில் ஒரு பச்சை ஓட்டம் இருந்தது. இதில் இலை வெறும் நீலம், கோடு கசிந்தமாதிரி. ஜன்னல் வெயிலில் மஞ்சள் வெளிறிவிட்டது, அதனால்தான் பச்சை நீலமாகிவிட்டது என்று ஆரணி விளக்கினாள். நிபுணர்கள் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கீழ் மூலையில், மயிலின் காலடியில், பழைய தையல் ஒன்றைக் கண்டேன். யாரோ ஒரு காலத்தில் கிழிசலைத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையலில் வரிசையாகப் பொடி முடிச்சுகள். துணி தைக்கிற எவரும் முடிச்சைப் பின்பக்கத்தில்தான் போடுவார்கள். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அப்படித்தான். இந்த முடிச்சுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தத் துண்டைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிட்டிருக்கிறார்கள். முன்பக்கத்தில் பூசிய மஞ்சள் பின்பக்கத்துக்கு ஊறாததால்தான் இலை வெறும் நீலமாக நிற்கிறது.

முடிச்சா, வெறும் தூசியா என்று கண்ணுக்கு முழு நிச்சயமில்லை. கண் தடுமாறினால் விரல் போகும். மேசையில் நின்றவர்களுக்கு இது தெரியும், யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. என் வலது கை கயிற்றைத் தாண்டிப் போய், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் துணியின் ஓரத்தைப் பிடித்து, ஒரு தடவை உருட்டிப் பார்த்தது. முடிச்சேதான்.

எச்சரிக்கை மணி அடித்தது. பெரிய சத்தம் இல்லை, குருவி கத்துகிற அளவு. ஆனாலும் மற்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி ஓடி வந்தார். நான் துணியை விட்டுவிட்டு, கையை இன்னும் முழுதாக இழுக்காமலே டேனிஷில் சொன்னேன்: "இந்தத் துண்டு பிழைப்பக்கமாகத் தொங்குகிறது." யாரும் துணியைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். ஆரணியின் முகத்தில் இரத்தம் இல்லை.

கூட்டத்தை வேறொரு வழிகாட்டி கூட்டிக்கொண்டு போனார். எங்களை ஒரு சின்ன அலுவலக அறைக்கு அழைத்துப் போனார்கள். பிர்கிட்டே கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். இப்படியான சம்பவம் நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், கூட்டத்துக்குப் பொறுப்பான வழிகாட்டிதான் நிரப்ப வேண்டும் என்றார். ஆரணி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வேண்டுமென்று தொட்டிருந்தால் அது மேலிடத்துக்குப் போகும், கூட்டத்தைக் கவனிக்காத வழிகாட்டியின் பெயரிலும் பதிவாகும். விளங்காமல் தொட்டிருந்தால் ஒன்றும் இல்லை, அறிவிப்பைப் பெரிதாக்குவோம், அவ்வளவுதான் என்று விளக்கினார். பிர்கிட்டே என்னைப் பார்த்து அன்போடு சிரித்தார். ஆரணிக்குச் சொன்னார்: "இவருக்கு அறிவிப்பு விளங்கவில்லை என்று எழுதுங்கள். பாவம், அது இவருடைய குற்றம் இல்லை. மொழிச் சிக்கல் என்று ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், அதில் அடையாளம் போட்டால் போதும்."

அப்போது ஆரணி என் பக்கம் திரும்பினாள். தமிழில் சொன்னாள்.

"அப்பா, விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. பிளீஸ் அப்பா. ஒரு சொல்லுத்தானே."

பிர்கிட்டேயின் கோப்பை பாதி வழியில் நின்றது. அப்பா என்ற சொல் விளங்குவதற்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்குத் தெரியும். விளங்கவில்லை என்பது நாங்கள் இந்த நாட்டுக்குக் கொண்டு வந்த குடை. இக்கே ஃபொஸ்டோ. வந்தவுடன் முதலில் பாடமாக்கிய டேனிஷ் அதுதான். ரயிலில் சீட்டில்லாமல் பிடிபட்டால் இக்கே ஃபொஸ்டோ. வாகனத்தைப் பிழையான இடத்தில் நிறுத்தினால் இக்கே ஃபொஸ்டோ. கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, சங்கடமான கடிதம் வந்தால் இக்கே ஃபொஸ்டோ. கண்ணைக் கொஞ்சம் விரித்து, தோளைக் கொஞ்சம் தூக்கினால் போதும். அவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல டேனிஷ் பேசுகிறவர்களும் இதைச் செய்தோம். பிறகு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஏதோ அவர்களை ஏமாற்றிவிட்டதாக எங்களுக்கு நினைப்பு.

ஆரணிக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவளுக்கும் இதைப் பழக்கியவன் நான்தான். கதவைத் தட்டி யாராவது முறைப்பாடு சொல்ல வந்தால் அவளை முன்னால் விடுவேன். என் அப்பாவுக்கு விளங்காது என்று அவள் அழகான டேனிஷில் சொல்லுவாள். வந்தவர்கள் அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். நான் அறைக்குள் எல்லாம் விளங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆகவே அன்றைக்கு மாளிகையில் அவள் கேட்டது புதிதாக ஒன்றும் இல்லை, நான் கற்றுக்கொடுத்ததைத்தான் திருப்பிக் கேட்டாள். அவளில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. காரணம் யென்ஸ்.

யென்ஸ் எங்கள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம், ஒரு நாள் ஓடி வந்த துணியில் நீளத்துக்கு மெல்லிய கோடு ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. பின்னுகிற யந்திரத்தில் ஓர் ஊசி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் மேசையை நிறுத்திவிட்டுப் போய் யென்ஸிடம் சொன்னேன். கோட்டைக் காட்டினேன், ஊசி என்றும் சொன்னேன். என் டேனிஷ் உடைசலாக இருந்தாலும் ஊசி என்ற சொல் எனக்குத் தெரியும். அவர் அவசரத்தில் இருந்தார். பரவாயில்லை, ஓடவிடு என்றார். ஓடவிட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தத் துணி முழுவதும் சாயம் போட்டபின் வரிவரியாகத் திரும்பி வந்தது. விசாரணை வைத்தார்கள். யென்ஸ் எழுதிய அறிக்கையில், துணி பார்ப்பவருக்கு அறிவுறுத்தல் விளங்கவில்லை, மொழிச் சிக்கல் என்று இருந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதி நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிடு, விளங்காதவனை யாரும் வேலையால் நிறுத்த முடியாது, இதுதான் உனக்குப் பாதுகாப்பு என்றார். வசந்தி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

வேலை தப்பியது. அடுத்த திங்கட்கிழமை போனபோது என் மேசைக்கு மேலே ஒரு மட்டை தொங்கியது. அதில் துணிப் பிழைகளின் படங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வட்ட முகம். நல்ல துணிக்குச் சிரிக்கிற முகம், பிழைத் துணிக்கு அழுகிற முகம். மற்ற மேசைகளில் மட்டை இல்லை. என் மேசையில் மட்டும் பதினெட்டு வருடம் அது தொங்கியது. தொழிற்சாலையை மூடுகிற நாளில் நானே கழற்றினேன். எல்லோரும் என்னோடு அன்பாகத்தான் இருந்தார்கள், அதை மறுக்கமாட்டேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். ஆனால் அந்தப் பதினெட்டு வருடத்தில் துணியைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. விளங்காதவனிடம் எதைக் கேட்பது. அந்தத் தொழிற்சாலையில் எல்லோரையும் விட எனக்குத் துணி தெரியும் என்று நான் சொன்னால் அது பீற்றல் இல்லை, உண்மை. நான் வைத்த கையெழுத்துத்தான் அதை மூடிவிட்டது. அவர்களை நாங்கள் ஏமாற்றியதாகச் சிரித்தோமே, அந்தக் கணக்கில் யார் ஏமாந்தது என்று அந்த மட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

மாளிகை அலுவலகத்தில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஆரணியின் கண் கலங்கியிருந்தது. வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லுங்கோ என்றுதான் பிடித்தாளா, வேண்டாம் என்று பிடித்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. நான் பிர்கிட்டேயைப் பார்த்து டேனிஷில் பேசினேன். வாக்கியங்களை மனதுக்குள் ஒரு முறை கூட்டி, பிறகுதான் சொன்னேன்.

"நான் அறிவிப்பை வாசித்தேன். எனக்கு விளங்கியது. என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். விளங்கித்தான் தொட்டேன். தொட்டது பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என்னை இனிமேல் வரக் கூடாது என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். விளங்கவில்லை என்று மட்டும் எழுத வேண்டாம்."

"ஆனால் அப்படி எழுதினால் உங்கள் மகளுக்கு..." என்று பிர்கிட்டே தொடங்கினார்.

"தெரியும். அதுவும் விளங்குகிறது" என்றேன். "அந்தத் துண்டு பின்பக்கமாகத் தொங்குகிறது என்றும் எழுதுங்கள். கீழ் மூலையில் முடிச்சுகள் இருக்கின்றன. நான் இருபத்திரண்டு வருடம் இக்காஸ்டில் துணி பார்த்தவன்."

பிர்கிட்டே முதல்தடவையாக என்னைச் சிரிக்காமல் பார்த்தார். அந்தத் துணியை நிபுணர்கள் இரண்டு வருடமாகச் சுத்தம் செய்து தொங்கவிட்டதாகச் சொன்னார். நிபுணர்களும் பிழை விடுவார்கள், நான் விட்டிருக்கிறேன் என்றேன். ஆரணி என்னைப் பார்க்கவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. தட்டச்சுப் பலகையில் விரல் வைத்து எழுதினாள். நான் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். மொழிச் சிக்கல் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டாள். கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள், என் பெயர் அவளுடைய பெயரின் பின்பாதி.

மாளிகை வாசலில் அவள் எங்களை விட்டுவிட்டுத் திரும்பினாள். "நீங்கள் எப்போதும் உங்களைப் பற்றித்தான் யோசிப்பீர்கள், அப்பா" என்று டேனிஷில் சொன்னாள். திரும்பிப் போகையில் ரயில் கடலுக்கு மேலே பெரும் பாலத்தில் ஏறியது. கடலைக் கண்ட பிறகு வசந்தி சொன்னாள்.

"நீங்கள் சொன்னது சரி. ஆனா சரி சொல்லுறதுக்கு அவளின்ரை நாள்தானோ கிடைச்சது?"

அவள் சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்தும் நான் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஒடென்சே நகரம், அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து யூலண்ட் குடாநாடு என்று மூன்றரை மணித்தியாலம் வந்தேன்.

ஆரணிக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று நீட்டினார்கள். இந்தச் செய்தியை அவள் தாய்க்குத்தான் சொன்னாள். ஐந்து கிழமை என்னோடு கதைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கேள்விப்பட்டு ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். ஹேர்னிங்கில் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என்னை மூலைக்கு இழுத்து, "ஒரு சின்னப் பொய்தானே அண்ணை, நாங்கள் எல்லாரும் சொல்லுற பொய்தானே, பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ" என்றார். எல்லோரும் சொல்லுகிற பொய் என்பதுதான் பிரச்சினை என்று நான் சொன்னேன். நாற்பது வருடமாக நாங்களே எங்களுக்குப் பூச்சிய மதிப்பெண் போட்டுக்கொண்டு, பிறகு இவர்கள் எங்களை மதிக்கிறார்கள் இல்லை என்று கலியாண வீடுகளில் நின்று குறைப்படுகிறோம். என்னைத் தண்டிக்க விரும்பினால் தண்டிக்கட்டும். தண்டனை ஒரு முழு மனிதனுக்குக் கொடுப்பது. பரிதாபத்தை நாய்க்குட்டிக்கும் கொடுக்கலாம். அவர் வடையோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கோடை முடிகிற நேரத்தில் ஆரணியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஞாயிறு இரண்டு மணி, தன்னுடைய கூட்டம், விரும்பினால் வரலாம் என்று மட்டும் இருந்தது. எனக்குத் தடை எதுவும் போடவில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். போனோம். நான் கூட்டத்தின் கடைசியில், சுவரோடு சுவராக நடந்தேன்.

இந்திய அறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. ஜன்னலோரத் துண்டு அதே மாதிரி, முடிச்சுகளை எங்களுக்குக் காட்டியபடி தொங்கியது. ஆரணி கப்பலைப் பற்றிச் சொன்னாள், சாயத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"இந்தத் துண்டைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது" என்றாள். "வெயிலில் வெளிறியது என்று எங்கள் நிபுணர்கள் சொல்கிறார்கள். கீழே உள்ள தையல் பிற்காலத்தில் போட்டது என்பது அவர்கள் முடிவு. ஆனால் இருபத்திரண்டு வருடம் துணி பரிசோதித்த இக்காஸ்ட்காரர் ஒருவர், இது பின்பக்கமாகத் தொங்குகிறது என்கிறார். நீங்களே குனிந்து பாருங்கள். தொடாமல்."

எல்லோரும் குனிந்தார்கள். நரைத்த தலைகள் வரிசையாகக் கயிற்றுக்கு மேலே வளைந்தன. ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முடிச்சுத்தான் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று மற்றவர் சொன்னார். இக்காஸ்ட்காரர் என்ற சொல் என் காதிலேயே நின்றது. இக்காஸ்டில் என்னை இக்காஸ்ட்காரன் என்று ஒரு நாளும் எவரும் சொன்னதில்லை. அங்கே நான் யாழ்ப்பாணத்தான். யாழ்ப்பாணம் போனால் டென்மார்க்காரர் வந்திருக்கிறார் என்று கதிரை போடுகிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் குனிந்திருந்த ஒரு முதியவர் நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக் கேட்டார். "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?"

"இக்காஸ்ட்" என்றேன்.

"ஓ. இல்லை, நான் கேட்டது, உண்மையில் எங்கிருந்து?"

நாற்பது வருடமாகக் கேட்கிற கேள்வி. வழக்கத்தில் இலங்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சுவரில் தொங்கிய துணியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"இது வந்த கரைக்கு எதிர்க்கரையிலிருந்து" என்றேன். "இது எனக்கு முதல் வந்தது. இதனிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை."

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் விரல் கயிற்றுக்கு மேலே, துணிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. காவலாளி கதவடியிலிருந்து ஓரடி முன்னால் வைத்தார். அறையின் மறுபக்கத்திலிருந்து ஆரணியின் குரல் வந்தது, எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில்.

"அப்பா, கையைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ."

கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் கையைப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.